சட்டைப் பையில் ஒரு காந்தம்

1. ஓட்டம்

ஐம்பதைத் தாண்டிய, வயிறு பெல்ட்டுக்கு மேலே எட்டிப் பார்க்கும் ஒரு மனிதன், ஒரு காலில் மட்டும் செருப்போடு, கையில் ஒரு போன் கவரைப் பிடித்துக்கொண்டு கண்டி நகர வீதியில் ஓடினால், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? எதையோ சுருட்டிக்கொண்டு ஓடுகிறான் என்றுதான் நினைப்பார்கள். நகைக்கடை வாசலில் நின்ற செக்யூரிட்டிகூட எனக்குப் பின்னால் நாலடி ஓடிவந்தார். பிறகு என் வேகத்தைப் பார்த்துவிட்டு, இவனைப் பிடிக்க ஓட வேண்டியதில்லை என்று நின்றுவிட்டார்.

நான் ஓடியது ஒரு மனிதரைக் காப்பாற்ற. அவரைக் கொல்லப் போவது நான் விற்ற கவர். அந்த நிமிடம் நான் அப்படித்தான் நம்பினேன். நான் நம்பியதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு என் நடுக்கம் என்பது சாயந்தரம்தான் தெரிந்தது. போன் கவர் வியாபாரத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவட்டும் என்று அதை எழுதி வைக்கிறேன். சிரித்துவிட்டுப் போனாலும் எனக்கு வருத்தமில்லை. என் வீட்டில் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

2. சாமி படம் வைக்கிற கவர்

எனக்கு வீடு மஹய்யாவயில். வேலை, கண்டி டவுனில் ஒரு சந்துக்குள் இருக்கும் போன் சாமான் கடையில். முதலாளி ஃபாரூக் நானா; நானா என்றால் இங்கே அண்ணன். அகலம் குறைந்த கடை. சுவர் தெரியாதபடி கவர்கள் தொங்கும். கவுண்டருக்கு உள்ளே நான் நின்றால் முதலாளி ஒடுங்கித்தான் நிற்க வேண்டும்.

கவர் வாங்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நிறத்தைப் பார்ப்பார்கள். நான் ஓரத்தைப் பார்க்கச் சொல்வேன். கவரைப் போட்டு, போனை மேசையில் கவிழ்த்து வையுங்கள். கண்ணாடி மேசையில் படக்கூடாது, கவரின் விளிம்புதான் படவேண்டும். கமெராவைச் சுற்றியும் அப்படி ஒரு வரம்பு வேண்டும். நாலு மூலையையும் விரலால் அமுக்கிப் பாருங்கள், கொஞ்சம் உள்வாங்க வேண்டும். போன் விழும்போது பெரும்பாலும் மூலைதான் முதலில் அடிபடுகிறது. கல் மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் கவர் தானும் உடைந்து, அடியையும் போனுக்குக் கொடுத்துவிடும். மற்றபடி விலை கூடிய கவரில் பாதி விலை பெட்டிக்கும் பெயருக்கும். சாதாரண ரப்பர் பேக் கவர் போதும். நாளாக நாளாக மஞ்சளாகும். ஆகட்டும். நாமும்தான் ஆகிறோம்.

இவ்வளவு தெரிந்து வைத்திருந்த நான், அன்று மதியம் மாணிக்கம் ஐயாவுக்கு விற்றது ஒரு ஃப்ளிப் கவர். புத்தகம் மாதிரித் திறந்து மூடுமே, அது.

ஐயா ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலை ஃபெக்டரி ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சம்சாரத்தோடு வந்திருந்தார். மகள் அனுப்பிய புது போன்.

"ஐடென்டி கார்ட்டு வைக்கணும், பஸ்ஸுக்குக் காசு வைக்கணும், சின்னதா ஒரு முருகன் படம் வைக்கணும். அப்புடி ஒண்ணு குடுங்க. வெலை மட்டும் கூடாம பாத்துக்குங்க" என்றார்.

"அப்ப இதுதாங்க ஐயா. பாருங்க, டக்குனு மூடிக்கும். காந்தம் இருக்கு. கவுத்தாலும் முருகன் விழ மாட்டாரு."

அவர் இரண்டு மூன்று தரம் திறந்து மூடி, அந்த 'டக்' சத்தத்தைக் கேட்டுச் சிரித்தார். பிறகு சட்டையின் இடது பையில் போனைப் போட்டு, மேலே ஒரு தட்டுத் தட்டினார்.

"இன்னைக்கி கிளினிக்ல உக்காந்தே பாதி நாள் போயிருச்சு. மஹியங்கனை பஸ்ஸு போயிரும், வாங்க" என்று அவர் சம்சாரமான அந்த அம்மா அவசரப்படுத்த, இருவரும் போய்விட்டார்கள். நான் நல்ல வியாபாரம் செய்த திருப்தியில் தேநீர் குடித்தேன்.

3. வாப்பாவின் போன்

தேநீர் பாதி இருக்கும்போது, அதுவரை ஒரு ஓரமாகக் கவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் முன்னால் வந்தார்.

"நானா, எங்கட வாப்பாட போனுக்கு ஒரு கவர் வேணும். வயசாளி. கையில இருந்து வழுக்காத மாதிரி."

நான் அதே ஃப்ளிப் கவரை எடுத்து நீட்டினேன். "இப்பதான் ஒரு ஐயா வாங்கிட்டுப் போனாரு. டக்குனு மூடிக்கும், காந்தம் இருக்கு."

கவரைத் தொடாமலே கையை இழுத்துக்கொண்டார். "காந்தம் ஈக்கிறது வாணாம். வாப்பாட நெஞ்சில பேஸ்மேக்கர் வெச்சி ஈக்கி. கிட்டவும் கொண்டு வரப்படாதுண்டு கிளினிக்ல சொன்ன." பிறகு ஐயா போன பக்கம் திரும்பிப் பார்த்து, "அந்த ஐயாவும் காலையில வாப்பாக்குப் பக்கத்துக் கதிரையிலதானே இருந்த. அவருக்கும் வாப்பாக்கு மாதிரியே மெஷின். ரெண்டு பேரும் ஒரே அதப் பத்தித்தான் பேச்சு. நீங்க அவருக்கா இத வித்த?"

என் கையிலிருந்த தேநீர் எங்கே போனதென்று எனக்கு இன்றுவரை தெரியாது. கண்ணுக்குள் ஒரு சட்டைப் பைதான் தெரிந்தது. இடது பை. மேலே ஒரு தட்டு.

"என்னத்துக்குப் பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்று ஃபாரூக் நானா கேட்டார்.

"மொதலாளி, நான் ஒரு ஆளைக் கொன்னுட்டேன்" என்றேன்.

"கடையிலயா?"

பதில் சொல்ல நேரமில்லை. கவுண்டரின் தூக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே போவதுதான் வழக்கம். அன்று அதற்கடியில் புகுந்து போகப் பார்த்தேன். தலை போனது, வயிறு போகவில்லை. அந்தப் பெண்தான் பலகையைத் தூக்கிவிட்டார். ஒரு செருப்பு அங்கேயே நின்றுவிட்டது.

4. பஸ்

கண்டி டிராஃபிக்கை நான் திட்டாத நாள் கிடையாது. அன்று மட்டும் கையெடுத்துக் கும்பிட்டேன். மஹியங்கனை பஸ், ஸ்டாண்டை விட்டுக் கிளம்பியும், வீதியில் ஏற முடியாமல் மற்ற பஸ்களுக்கு நடுவில் மாட்டி நின்றது. ஓடும் பஸ்ஸில் பாய்ந்து ஏறியதாகத்தான் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் அசையாத பஸ்ஸில், கம்பியைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டு, படிப்படியாக ஏறினேன்.

"மொகத அய்யே?" என்றார் கண்டக்டர். என்ன அண்ணே என்று கேட்கிற மனிதரிடம் ஒழுங்காக விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். நானோ அவரைத் தாண்டிப் பார்த்தேன். நடு சீட்டில் மாணிக்கம் ஐயா. பக்கத்தில் அம்மா. ஐயாவின் கையில் பாதி தின்ற வடை. இடது பையில் கவர் எட்டிப் பார்த்தது.

"ஐயா! போனை வெளிய எடுங்க! நெஞ்சுல இருந்து எடுங்க! ஆபத்து! எடுத்துத் தூரப் போடுங்க!"

அதோடு நிறுத்தினேனா? தமிழ் தெரியாதவர்களுக்கும் விஷயம் போய்ச் சேரட்டும் என்று அதையே சிங்களத்திலும் கத்தினேன்.

போனில் ஆபத்து, தூரப் போடு என்று ஒருவன் பஸ்ஸுக்குள் ஏறிக் கத்தினால் பஸ்ஸுக்குள் குண்டு வெடித்த காலத்தைப் பார்த்த இந்த நாட்டுச் சனம் என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஐயாவைச் சுற்றி நாலு வரிசை காலியானது. பின்கதவால் ஆட்கள் குதித்தார்கள். டிரைவர் தன் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, வீதிக்கு அந்தப் பக்கம் போய் நின்று பஸ்ஸைப் பார்த்தார். யாருடைய மரக்கறிப் பையோ கொட்டி, உருளைக்கிழங்கு என் வெறுங்காலில் உருண்டது.

ஐயா போனை எடுத்துவிட்டார். ஆனால் அவர் முகம் வெளுத்துவிட்டது. நெற்றியில் வியர்வை. வடையைக் கீழே போட்டுவிட்டு, கையால் நெஞ்சைப் பிடித்தார். அப்படியே சீட்டில் சாய்ந்தார்.

நான் அருகில் போய், என்னால் முடிந்த அளவு விளக்கினேன். கவரில் காந்தம், நெஞ்சில் மெஷின், இரண்டும் பக்கத்தில் இருக்கக் கூடாது, அதுதான் ஓடி வந்தேன். அம்மா நான் சொல்லி முடிக்கும்வரை ஐயாவுக்கு முந்தானையால் விசிறினார். முடித்ததும் பேசினார்.

"ஏங்க, மனுசன் இவ்வளவு நேரமும் நல்லாத்தான இருந்தாரு? வடை நல்லாருக்கு, இன்னொண்ணு வாங்குன்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு. காந்தம் ஒண்ணும் பண்ணல. நீங்க போட்ட கூச்சல்லதான் நெஞ்சப் புடிச்சிருக்காரு. சொல்ல வந்தத மெதுவா கிட்ட வந்து சொன்னா என்னா? வாயில லவுட்ஸ்பீக்கரா வச்சிருந்தீங்க?"

நான் இறங்கிப் போய் ஒரு த்ரீவீல் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினேன்.

5. பிரஷர்

அதில் மூவரும் கிளினிக் இருந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் ஐயா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நான் அவர் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் தாமதித்து ஏறினால்கூட இன்னும் கிட்டக் குனிந்தேன். அவர் ஒருதரம் கண்ணைத் திறந்து, "என்னைய அப்புடிப் பாக்காதீங்க தம்பி, பயமா இருக்கு" என்றார்.

கிளினிக் மூடவில்லை. மெஷினைச் சோதித்துப் பார்த்தார்கள். அது பாட்டுக்கு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. காந்தம் மிகக் கிட்ட இருந்தால் மெஷின் ஓடும் விதம் மாறலாம், விலக்கினால் வழமைக்குத் திரும்பிவிடும், ஆனால் அங்கே வைக்கவே கூடாது என்று நர்ஸ் மிஸ் பொறுமையாகச் சொன்னார். கத்தாமல் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தபோது இதில் பயப்பட ஒன்றுமில்லை, கவனிக்க மட்டும் வேண்டும் என்று எனக்கே தோன்றியது. அதே விஷயம்தான். பஸ்ஸுக்குள் அதைச் சொன்ன வாய்தான் வேறு.

"மெஷின் ஓகே. ஆனா பிரஷர் நல்லா ஏறியிருக்கு. ஏதாவது அதிர்ச்சி நடந்ததா?" என்று மிஸ் கேட்டார்.

அம்மா விரலை நீட்டி என்னைக் காட்டினார்.

மிஸ் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். செருப்பில்லாத காலில் கொஞ்சம் நின்று பார்த்தார். "நீங்களும் இருங்க" என்று எனக்கும் கையில் பட்டியைச் சுற்றினார். என்னுடைய பிரஷர் ஐயாவுடையதைவிடக் கூடுதலாக இருந்தது. அதைக் கேட்டதும் மாணிக்கம் ஐயா முதல்முறையாகச் சிரித்தார். அவருடைய பிரஷர் இறங்கியதற்கு அதுதான் மருந்து என்று நினைக்கிறேன்.

"போனை மெஷின் இருக்கிற பக்கம் வைக்கக் கூடாதுன்னு முன்னமே சொல்லியிருக்கோமே ஐயா?" என்றார் மிஸ்.

"சொன்னீங்கம்மா. வலது பக்கம் வைன்னீங்க. சட்டையில வலது பக்கம் பை இல்லையே! கை பாட்டுக்குப் பழைய எடத்துக்கே போயிருது."

அது உண்மை. அன்று மூவரும் கடைக்குத் திரும்பும் வழியில் எதிர்ப்பட்ட ஆம்பிளைச் சட்டைகளையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தேன். பை இருந்த சட்டைகளிலெல்லாம் அது இடது பக்கம்தான் இருந்தது.

கடையில் ஃப்ளிப் கவரைத் திருப்பி எடுத்துக்கொண்டு, விளிம்பு உயர்ந்த, மூலை தடித்த ஒரு சாதாரண பேக் கவரைப் போட்டுக் கொடுத்தேன். முருகனையும் ஐடென்டி கார்டையும் அம்மா தன் கைப்பைக்கு மாற்றிக்கொண்டார். ஃபாரூக் நானா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கவர் வித்துப்போட்டு கஸ்டமரோட ஆஸ்பத்திரிக்குப் போன மனுசன நான் இண்டக்கித்தான் காணுறன்" என்று சொல்லி, எல்லாருக்கும் பால் விடாத பிளேன்டீ வரவழைத்தார்.

அடுத்த கிளினிக் நாளில் ஐயா சம்சாரத்தோடு கடைக்கு வந்து எட்டிப் பார்த்தார். அதே சட்டை. இடது பக்கம் பை இருந்த இடத்தில், வெயில் படாத துணி சதுரமாக, கொஞ்சம் கருநீலமாகத் தெரிந்தது.

"பிரிச்சு எடுத்துட்டா" என்றார், சம்சாரத்தைக் காட்டி. "இப்ப கை போகுது, பை இல்ல. திரும்பி வந்துருது."

6. முதல் கேள்வி

அதிலிருந்து யார் கவர் கேட்டாலும், எந்த மொடல் என்று கேட்பதற்கு முன்னால், "போனை எங்க வைப்பீங்க?" என்று கேட்கத் தொடங்கினேன். முதல் கிழமையே ஒரு டீச்சரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பெண்களிடம் கேட்கக் கூடிய கேள்வியா அது? இப்போது காந்தக் கவரைக் கையில் எடுத்தவர்களிடம் மட்டும், பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காத குரலில், "இது காந்தம். வீட்டுல யாருக்காவது நெஞ்சுல மெஷின் வச்சிருந்தா மட்டும் சொல்லுங்க" என்கிறேன். பெரும்பாலானவர்கள் இல்லை என்று தலையாட்டுவார்கள். இதனால் வியாபாரம் கெடுகிறது என்று ஃபாரூக் நானா முணுமுணுப்பார். ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை.

அண்மையில் கெம்பஸில், அதாவது பல்கலைக்கழகத்தில், படிக்கும் பெடியன்கள் மூவர் வந்தார்கள். யாழ்ப்பாணத்துப் பேச்சு. ஒருவன் ஃப்ளிப் கவரைக் காட்டி, "அண்ணை, உது என்ர போனுக்கு இருக்கோ?" என்றான். மற்ற இருவரும் ஹெட்செட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் குனிந்து என் வழக்கமான வாக்கியத்தைச் சொன்னேன்.

அவன் நண்பர்களை ஒருதரம் திரும்பிப் பார்த்தான். பிறகு இடது தோள்பட்டைக்குக் கீழே விரலை வைத்து எடுத்தான்.

"எனக்குத்தான் அண்ணை. சின்னனிலயே வச்சது. இவங்களுக்குத் தெரியாது."

எனக்குள் பழைய மனுசன் எழுந்து நின்றான். கத்து, ஓடு, அந்தக் கவரைப் பிடுங்கு என்றான். நான் அந்த மனுசனை உட்காரச் சொல்லிவிட்டு, கடை முழுக்கக் கேட்கும்படி அலுத்துக்கொண்டேன்.

"இந்த மொடலுக்கு ஃப்ளிப் வாறதே இல்ல தம்பி. பேக் கவர்தான் இருக்கு."

ஹெட்செட் பார்த்துக்கொண்டிருந்தவன் திரும்பினான். "அண்ணை, உங்கட தலைக்கு மேல தொங்குது!"

"அது வேற மொடலுக்கு. அதப் போட்டுக்கிட்டு கெம்பஸ் போனா, இன்சூரன்ஸ் விக்க வந்த ஆளுன்னு நெனைப்பாங்க."

அது அந்த மொடலுக்கானதேதான் என்று தெரிந்த ஃபாரூக் நானா வாயைத் திறந்தார். அவர் காலை நான் மிதித்தேன். வாய் மூடிக்கொண்டது.

நண்பர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பேக் கவர் போட்ட போனை வலது பக்கக் களிசான் பைக்குள் விட்டுக்கொண்டு, எதுவும் நடக்காதது போல அவர்களோடு படியிறங்கிப் போனான்.

படபடப்பு எனக்கு அன்றும் குறையவில்லை. குரலில் அது ஏறவில்லை, அவ்வளவுதான். இத்தனை வருடக் கவர் வியாபாரத்தில் நான் புதிதாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.