அஸ்கலோனில் அக்கா

கரும்பலகையில் அக்கா வரைந்த ஐந்து வட்டங்கள் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கின்றன. அனுமந்தையில் எங்கள் சின்னத் தேவாலயத்தில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு வேதப்பாடம் நடத்தியது அவள்தான். அந்த வட்டங்கள், வேதத்தில் எதிரிகளாக வரும் பெலிஸ்தரின் ஐந்து பட்டணங்கள். கடலோரத்தில் இருந்த அஸ்கலோன் மேல் சாக்பீஸால் குறுக்கே கோடிழுத்து, அது பாழாய்ப் போய்விட்டது என்றாள். எதிரிகளின் ஊர் ஒழிந்ததே என்று நாங்கள் கைதட்டினோம்.

புதுச்சேரியில் நர்சிங் முடித்த அக்காவுக்கு, பிற்பாடு வெளிநாட்டில், மறுபடி எழும்பி நிற்கும் அதே அஸ்கலோனில்தான் வேலை கிடைத்தது. படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு மூதாட்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். "ஊரு நல்லாத்தான்டி இருக்குது. கடலு கூட நம்ம கடலு மாதிரியே," என்று போனில் சிரித்தாள்.

சில வருடங்களில் அங்கே சண்டை மூண்டது. ஒரு காலை, நானும் அம்மாவும் உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தபோது அக்கா வீடியோவில் அழைத்தாள். பேச்சின் நடுவே சைரன் ஊளையிட்டது. அவள் போனை எங்கேயோ வைத்துவிட்டாள். எனக்கு வீட்டுக்கூரை மட்டும் தெரிந்தது. வெளியே ஆட்கள் ஓடும் சத்தம். "நீ ஓடுக்கா" என்று கத்தினேன். இடி விழுந்ததுபோல ஒரு சத்தம். கூரை அதிர்ந்தது. படம் நின்றுபோனது.

திரும்பத் திரும்ப அழைத்தும் அவள் எடுக்கவில்லை. சுற்றிலும் வெள்ளை வெளேரென்ற பாத்திகள். ஒதுங்க ஒரு மரம் இல்லை. உப்புநீர் விரலிடுக்குப் புண்ணை எரித்ததுகூட உறைக்கவில்லை. அம்மா போனை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தாள். கூட வேலை செய்தவர்கள் தண்ணீர் கொடுத்தும் குடிக்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் அக்காவே அழைத்தாள். பக்கத்து வீட்டுச் சுவர் இடிந்துவிட்டதாம். பாதுகாப்பு அறைக்கு மூதாட்டியைத் தூக்கிப்போக முடியாததால், அவர்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாளாம்.

"கிளம்பி வந்துடு," என்றாள் அம்மா.

"அவங்க பெத்த பொண்ணே கூட இல்லம்மா. என் கையத்தான் புடிச்சினு இருக்கறாங்க. நானும் வந்துட்டா?"

"சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்டாள் அம்மா.

அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். போன் வந்தால் அம்மா உடனே பேசுவதில்லை. மறுமுனையில் அக்காவின் மூச்சு கேட்கிறவரை, தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.