சத்தமில்லாமல் சிரிக்கும் வேலை

மாமா சாரின் முகத்தில் வெளிச்சம் நடுங்கியது. நடுங்க வைத்தவன் நான். படப்பை தாண்டி, புதிதாக மனை பிரித்த பொட்டலில் தனியாக நின்ற ஒரு பங்களாவில் தொலைக்காட்சித் தொடர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கேமராவுக்குப் பக்கத்தில் தெர்மாகோல் பலகையைப் பிடித்து, விளக்கொளியை நடிகர்களின் முகத்துக்குத் திருப்பிவிடுவது என் வேலை. கதாநாயகியின் மாமாவாக நடித்து எல்லோருக்கும் மாமா சார் ஆகிவிட்டவர் ஒரு வசனம் சொன்னார். சிரிப்பு வந்துவிட்டது. வாயை இறுக்கிக்கொண்டேன், தோள் குலுங்கியதில் பலகையும் ஆடியது.

"கட்! யோவ், இன்னா பூகம்பமா?" என்று டைரக்டர் கத்தினார்.

வேலை போயிற்று என்று நினைத்தேன். எட்டாவதோடு தெற்கே இருந்து கிளம்பி வந்தவனுக்கு அது புதிதில்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஒப்பந்தம் முடிந்து கம்பெனி வெளியே அனுப்பியபோது, ஷேர் ஆட்டோவில் யாரோ சொன்னதைக் கேட்டு இங்கே வந்து சேர்ந்திருந்தேன். ஆனால் மாமா சார் குறுக்கே வந்தார். "பலகைய ஸ்டாண்டுல மாட்டுங்கபா. இவன் இங்கியே நிக்கட்டும். எனக்கு இவன் தோளு வோணும்."

அவர் மேடையில் வளர்ந்த நகைச்சுவை நடிகர். நாடகத்தில் ஒரு வசனத்துக்குச் சிரிப்பு கிளம்பி, உச்சிக்குப் போய், இறங்கத் தொடங்கும்போதுதான் அடுத்ததைத் தொட வேண்டும். முந்தினால் வசனம் சிரிப்பில் அமுங்கிவிடும். பிந்தினால் அரங்கம் ஆறிவிடும். படப்பிடிப்பிலோ சிரிக்க ஆளில்லை. மைக் இருப்பதால் இருமக்கூட முடியாது. அவர் பழக்கத்தில் நிறுத்துவார், எதிரே வெறும் மௌனம் இருக்கும், எப்போது தொடங்குவதென்று தெரியாமல் தவிப்பார். பெரியவருக்கு வசனம் மறக்கிறது என்று பேச்சு கிளம்பியிருந்தது. கதையிலிருந்து அவரைத் தூக்கப்போகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னைப் பழக்கினார். என் பெயரே அவருக்குத் 'தோளு' ஆகிவிட்டது. "பல்லு தெரியட்டும், தோளு ஆடட்டும். மூச்சு மட்டும் வெளிய வரக்கூடாது." அந்த நேரத்தில் வேறு யாரும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நாடகத்தில் வாங்கிய ஷீல்டுகளைப் பற்றி ஒருமுறை கேட்டேன். "வூட்ல பால்கனி கதவு காத்துல அடிச்சிக்குது தோளு. அதுக்கு முட்டுக் குடுத்து வச்சிருக்கேன். சிறந்த நடிகர் ஷீல்டுதான் நல்ல வெயிட்டு" என்றார். அந்த வீட்டில் அவர் மட்டும்தான் இருந்தார்.

என் தோளைப் பார்த்துப் பார்த்து, அடுத்த வசனத்தை எப்போது தொடங்குவது என்பது அவருக்குக் கூடிவந்தது. படப்பை டீக்கடையில் அவர் வசனத்தைப் பையன்கள் பேச ஆரம்பித்தார்கள். சேனல் விழாவில் சிறந்த நகைச்சுவை நடிகர் விருதும் கொடுத்தார்கள். எனக்கு பாஸ் கிடைக்கவில்லை. மெஸ்ஸில் டிவியில் பார்த்தேன். விருதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வேடிக்கை சொன்னார், நிறுத்தினார், முன்வரிசையில் எதையோ தேடினார். சிரிப்பு வருவதற்குள் தொகுப்பாளினி அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டாள்.

"அவார்டு குத்துட்டானுங்களா? அப்போ அனுப்பப் போறானுங்கபா" என்றார் எங்கள் புரொடக்ஷன் மேனேஜர். அப்படியே நடந்தது. கதையில் மாமா சிங்கப்பூருக்கு விமானம் ஏறினார்; திரும்பி வரவில்லை. பழைய நாடகக் குழுவும் கலைந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். அந்த பங்களாவில் எனக்கும் மனம் ஒட்டவில்லை. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில், இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் லைனில் போய் நின்றேன். அங்கே சிரித்தாலும் இயந்திரச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது.

வெகுநாள் கழித்து, கம்பெனி பஸ்ஸுக்காக வரிசையில் நின்றபோது போன் வந்தது.

"இன்னா தோளு, சாப்டியா? புச்சா ஒண்ணு எழுதியிருக்கேன், கேளு."

சொன்னார். நிறுத்தினார். எனக்குத் தோள் குலுங்கியது. கண்ணில் நீர் வந்துவிட்டது. பழைய பழக்கத்தில் மூச்சு மட்டும் வெளியே வரவில்லை.

"நல்லால்லியாப்பா?" குரல் இறங்கியிருந்தது.

"சிரிச்சிக்கிட்டுத்தான் சார் இருக்கேன்."

"அட, சத்தமா சிரிப்பா. இங்க மைக்கு இல்ல."

நடுரோட்டில் வாய்விட்டுச் சிரித்தேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அவசரப்படவில்லை. என் சிரிப்பு உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும்வரை காத்திருந்துவிட்டு, அடுத்த வசனத்தைச் சொன்னார்.