யோகா அக்கா வாசித்த எச்சரிக்கைகள்

யோகேஸ்வரி அக்கா யாழ்ப்பாணத்தில் காலமாகிவிட்டதாக அவருடைய தங்கை சென்ற செவ்வாய்க்கிழமை தொலைபேசியில் சொன்னார். இறுதிச் சடங்குக்குப் போக வழியில்லை. போரால் பாதை மூடிக் கிடக்கிறது. அவரை அறிந்தவர்களுக்காகவும் அறியாதவர்களுக்காகவும் ஹட்டனிலிருந்து இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் தேயிலைத் தோட்டக் கம்பனியின் கணினிப் பிரிவுக்கு அவர் வந்தார். அதற்கு முன் கணித ஆசிரியை. நான் மஸ்கெலியாவில் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். இருவருக்கும் அடுத்தடுத்த மேசை. தொழிலாளர்களின் வருகை, விடுமுறை, சேவைக்காலம் எல்லாம் ஒரு தரவுத்தளத்தில் இருந்தன. அவற்றைக் கணக்கிடும் நிரல்கள் பலர் கைபட்டு, அதற்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தன.

இரண்டாயிரத்துக்குப் பிறகு தரவுத்தளத்தின் புதிய பதிப்பு வந்தது. பழையது கண்டுகொள்ளாமல் விட்ட நிரல் பிழைகளை இது ஏற்காது. போட்டுப் பார்த்தபோது பழைய நிரல்களில் பாதிக்கு மேல் நின்றுவிட்டன. அந்தக் கடுமையை நிறுத்திவைக்கவும் வசதி இருந்தது. "நிப்பாட்டிடுங்க. ஓடுறத ஏன் நோண்டணும்?" என்றார் மேலாளர். நான் எதிர்ப்பக்கம். "பிழைன்னு தெரிஞ்சும் ஓட விடுறதா? எல்லாத்தையும் ஒரேயடியா திருத்துவோம்க்கா" என்றேன்.

அக்கா இருவரையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "புதுசா எழுதுறதெல்லாம் கடுமையான சோதனைக்குள்ள வரவேணும். பழசு ஓடட்டும். ஆனா அதில உள்ள ஒவ்வொரு பிழைக்கும் எச்சரிக்கை வரவேணும்."

"அத யாரு வாசிப்பாங்க?" என்றார் மேலாளர்.

"நான் வாசிப்பன்."

வாசித்தார். திருமணமாகி வேறு தோட்டத்துக்குப் போகும் பெண்களின் சேவைக்காலத்தை மாற்றும் நிரல் ஒன்று. அதில் ஒரே பெயரில் இரண்டு மாறிகள், ஒன்று நிரலின் உட்பகுதியில். உள்ளே இருந்தது வெளியே இருந்ததை மறைத்துவிட்டதால், பழைய தோட்டத்து ஆண்டுகள் உள்ளேயே தொலைந்து, பதிவில் பூச்சியம் விழுந்திருந்தது.

அக்கா எழுந்து நின்றார். "அந்தக் கொத்மலைப் பிள்ளை!" என்றார்.

பாக்கியம், கொத்மலையிலிருந்து மஸ்கெலியாப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். சில மாதங்களுக்கு முன் எங்களிடம் வந்து அழுதிருந்தார். "எட்டு வருசம் அங்க கொழுந்து எடுத்தேங்க. இங்க புது ஆளுங்கிறாங்க. பொய் சொல்றேன்னு காலையில பேர் கூப்புடுற பெரட்டுல எல்லாரும் நிக்கிறப்ப தோட்டத்து தொரை ஏசிட்டாருங்க."

ஒரு வரியை மாற்றினால் தீர்ந்தது. நான் விசைப்பலகையை இழுத்தேன். அக்கா தடுத்தார்.

"பொறும். பிழையா இருந்தாலும், அதை வைச்சு ஆரோ வேலை செய்துகொண்டிருப்பினம். முதல்ல அவையளைக் கேப்பம்."

பஸ்ஸில் தோட்டம் தோட்டமாகப் போனோம். அவர் நினைத்தது சரி. சில தோட்டத்துக் கிளாக்கர்மார் குறையைக் கண்டு, விடுபட்ட ஆண்டுகளைக் கையால் சேர்த்திருந்தார்கள். உடனே திருத்தியிருந்தால் அந்தப் பெண்களுக்கு ஆண்டுகள் இரட்டித்திருக்கும். அவர்களையும் பொய்க்காரிகள் என்றிருப்பார்கள். கையால் சேர்த்தவற்றைப் பிரித்துக் குறித்த பிறகே அக்கா நிரலைத் தொட்டார்.

பாக்கியத்துக்குக் கடிதம் அனுப்பினால் போதும் என்றார் மேலாளர்.

"ஏச்சு விழுந்தது எல்லாருக்கும் முன்னால. கடிதம் காணாது" என்றார் அக்கா.

விடிகாலைப் பனியில் பெரட்டுக் களத்தில் போய் நின்றார். நானும் கூட இருந்தேன். "இவ சொன்னது உண்மை. எங்கட நிரல்தான் பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார். தொரை காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாக்கியம் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனார்.

பழைய நிரல்கள் எல்லாவற்றையும் திருத்தி முடிக்க ஆண்டுகள் ஆயின. கடைசியில் கடுமையான சோதனையை எல்லாவற்றுக்கும் போட்டோம். ஒரு நிரலும் நிற்கவில்லை. "நீர் கேட்டது நடந்திட்டுது. கொஞ்சம் பிந்தி. சந்தோசமோ?" என்று அக்கா சிரித்தார். அதன்பின் அவருக்கு நோய் கண்டது. ஊரோடு இருக்க விரும்பி, பாதை மூடுமுன் யாழ்ப்பாணம் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பாக்கியத்திடம் செய்தி சொல்லப் போனேன். லயத்து வாசலில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்:

"தொரை ஏசுனதுலேருந்து எம் மாமியா என்னைய பொய்க்காரின்னுதாங்க கூப்பிடும். அந்தம்மா பெரட்டுல சொன்னாங்கல்ல, அன்னைக்கு ராத்திரிதான் மொத மொதல்ல பேரு சொல்லி, 'பாக்கியம், சாப்புட வா'ன்னுச்சு."

அக்காவுக்கு இது தெரியாது. தெரிந்துகொண்டு போயிருக்கலாம். நிம்மதியாக உறங்குங்கள், அக்கா.