ஆறு நாட்டுக்கும் ஒரே சட்டம்

கம்பெனியை விட்டு ஓடிவந்தவர்களை வளைகுடாவில் எங்கள் ரோலா பக்கத்தில் கல்லிவல்லி என்பார்கள். விசா கிடையாது, பாஸ்போர்ட் பழைய முதலாளியிடம், பிடிபட்டால் ஜெயில். எங்கள் அறையிலும் ஒருவன் இருந்தான். புதுக்கோட்டைப் பக்கம், சுவர்ப் பூச்சில் கெட்டிக்காரன். மாசக்கணக்காகச் சம்பளம் தராதவனிடம் எத்தனை நாள்தான் பொறுத்துக்கொண்டு கிடப்பான்? ஓடிவந்துவிட்டான். சம்பளத்தைத் தின்றவன் ஜோராகக் காரில் போய்க்கொண்டிருந்தான், வேலை செய்தவன் போலீஸைக் கண்டு சந்தில் ஒளிந்தான். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அந்த வருஷம் அரசாங்கம் பொது மன்னிப்பு அறிவித்தது. விசா இல்லாதவர்கள் சொன்ன தேதிக்குள் கிளம்பினால் அபராதம் இல்லை, ஜெயில் இல்லை. அவன் மனைவிக்கு அப்போது இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, திருச்சி ஆஸ்பத்திரியில் வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ என்று போனில் கெஞ்சுவாள். நல்லவேளை, சாமி கண்ணைத் திறந்தது என்று நினைத்தேன். நாளைக்கே கான்சுலேட்டில் போய், பாஸ்போர்ட்டுக்குப் பதிலாகத் தரும் தாளுக்கு வரிசையில் நிற்கலாம் என்று அவனிடம் சொன்னேன். அவனும் பெட்டியைக் கட்டிவிட்டான்.

அன்று வெள்ளிக்கிழமை. கீழ்மாடிக்காரர் எங்கள் மீன்குழம்புக்கு வந்திருந்தார். விண்ணப்பம் டைப் அடிக்கும் கடையில் அவருக்கு வேலை. அரபி எழுத்துக் கூட்டிப் படிப்பார், அதனால் அந்தக் கட்டிடத்துக்கே அவர்தான் வக்கீல். முள்ளை எடுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்:

"தம்பி, வளைகுடா ஆறு நாடும் சேந்து ஒரே சட்டம் போடப்போறான். மன்னிப்புல கெளம்புனா ஏர்போர்ட்டுல உன் கண்ணைப் படம் எடுப்பான். அப்புறம் கத்தாருக்குப் போ, குவைத்துக்குப் போ, கம்ப்யூட்டர்ல உன் கண்ணு வந்து நிக்கும், உள்ள விடமாட்டான். கலாஸ், முடிஞ்சுது."

மந்திரிகள் கூடிப் பேசியதாகப் பேப்பரில் வந்தது உண்மைதான். என்ன முடிவானது, எப்போது நடப்புக்கு வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. எங்களைப் பற்றி எடுக்கிற முடிவை எங்களுக்கு யார் சொன்னார்கள்? வாய்க்கு வாய் வந்து சேர்கிற பேச்சுதான் எங்களுக்குச் சட்டம். சாப்பிட்டோமா போனோமா என்று இல்லாத அந்த மனிதரைப் பிடித்து வெளியே தள்ளலாம் போலிருந்தது எனக்கு.

அவர் போனதும் இவன் பெட்டியைப் பிரித்துவிட்டான். நான் கத்தினேன். பெண்டாட்டி அங்கே உயிருக்குப் போராடுகிறாள், உனக்குக் கத்தார் கேட்கிறதா என்று திட்டினேன். அவன் குரலை உயர்த்தவில்லை.

"போனா அவ மொகத்தப் பாப்பேன்ணே. அப்புறம் அவ வைத்தியத்துக்கு யாரு அனுப்புவா?"

மன்னிப்புக் காலம் முடிந்தது. தெருவுக்குத் தெரு சோதனை ஆரம்பித்தது. அவன் தொழில்பேட்டைக்குள்ளேயே ஒரு வேலையிடத்தில் படுத்துக்கொண்டு சுவர் பூசினான், மாதாமாதம் ஊருக்கு அனுப்பினான்.

பிறகு ஊரிலிருந்து அவன் மச்சானின் போன் வந்தது. அவள் போய்விட்டாள்.

அறைக்கு வந்து குளித்தான், துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டான். நேரே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து போய், எனக்கு விசா இல்லை, என்னை ஊருக்கு அனுப்புங்கள் என்று நின்றான். பாவி, தானாக வந்தவனை உடனே அனுப்பிவிடுவார்கள் என்று நம்பிவிட்டான். ஜெயிலில்தான் போட்டார்கள். அவளை எரித்து, காரியமும் முடிந்து, மாதங்கள் ஓடிய பிறகுதான் ஊருக்கு அனுப்பும் உத்தரவு வந்தது. டிக்கெட் எடுத்து நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் பாதி ஆளாக நின்றான். என்ன சொல்லித் தேற்றுவது என்று நான் தடுமாறிக்கொண்டிருக்கும்போது அவனே வலையின் பக்கத்தில் வந்தான்.

"அண்ணே, கண்ணைப் படம் எடுத்துட்டாங்க. ஓமான்லயாவது விடுவாங்களான்னு கீழ்மாடி அண்ணன்ட்ட கேட்டுச் சொல்றீங்களா? ரெண்டு புள்ளைங்க இருக்குல்ல."

கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.