சிப்பாயைக் காட்டிவிட்டுத்தான் ஆட்டம்

மாதேஸ்வரனைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தால் எனக்கு நந்தகுமார் மேல்தான் முதலில் கோபம் வருகிறது. மாதங்கள் ஓடியும் அது ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கோழித் தீவன ஆலையில் எடை மேடை பார்ப்பவள் நான். மக்காச்சோள லோடு கொண்டுவரும் மாதேஸ்வரனை நெடுநாளாகத் தெரியும். எருமப்பட்டிக்காரர், அதிர்ந்து பேசாதவர். லாரியை ஓரங்கட்டியதும் செஸ் பலகையைத் தேடுவார். அது எங்கள் ஷெட்டின் பொதுச்சொத்து. இரண்டு லாரி ஒன்றாக வந்து நின்றால் யார் முதலில் லோடு இறக்குவது என்று இங்கே சண்டை கிடையாது. டிரைவர்கள் ஓர் ஆட்டம் போடுவார்கள், ஜெயித்தவர் வண்டி முன்னால் போகும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு சாயங்காலம் மாதேஸ்வரனும், இன்னொரு லோடு லாரி ஓட்டும் நந்தகுமாரும் ஒன்றாக வந்தார்கள். இன்னும் ஒரு வண்டிதான் இறக்குவோம் என்று லோடுமேன்கள் சொல்லிவிட்டார்கள். மற்றது காலைவரை நிற்க வேண்டும். லோடு வண்டியை விட்டு டிரைவர் நகரக் கூடாது. கூடவே கிளீனர் வந்த காலமெல்லாம் போய்விட்டது.

"தம்பி, நாளைக்கு வெடியால என் தங்கச்சி புள்ளைக்குக் காது குத்துங்க. நாந்தான் மாமன். என்னைய முன்னால உட்ரு சாமி" என்றார் மாதேஸ்வரன்.

தங்கச்சி அங்காளம்மாளுக்கு உடன்பிறந்தவர் இவர் ஒருவர்தான். குழந்தை யுவஸ்ரீ இவர் மடியில்தான் உட்கார வேண்டும்.

"வழக்கம்னு ஒண்ணு இருக்குதில்லீங்ணா" என்றபடி காய்களை அடுக்கினான் நந்தகுமார். அவனுக்கு என்ன அவசரம்? வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படுக்கப் போகிறவன்!

ஆட்டத்தில் மாதேஸ்வரன் கைதான் ஓங்கியிருந்தது. நடுவில் ஒரு சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். அது நந்தகுமாரின் சிப்பாய்க்குப் பக்கத்தில் போய் நின்றது. பக்கத்தில் நிற்கும் சிப்பாயை எங்கள் ஷெட்டில் யாரும் வெட்டியதில்லை. நந்தகுமார் தன் சிப்பாயைக் குறுக்கே, அதற்குப் பின்னால் இருந்த காலிக் கட்டத்தில் வைத்துவிட்டு, மாதேஸ்வரன் சிப்பாயை எடுத்துத் தன் பக்கம் போட்டுக்கொண்டான்.

"ஏந்தம்பி, காலிக் கட்டத்துல வெச்சுப்போட்டு பக்கத்துல நிக்கறத எடுக்கறே?"

"சட்டமுங்ணா. சிப்பாய் ரெண்டு கட்டம் தாண்டி வந்தா, ஒரு கட்டம் வந்தாப்பல நெனச்சு உடனே வெட்டலாம். போன்ல பாருங்க."

நான் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல். அவரோடு எத்தனையோ ஆட்டம் ஆடியவன் அவன். இந்தச் சட்டம் அவருக்குத் தெரியாது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். ஒருநாளும் வாயைத் திறக்காதவன், அன்றைக்குப் பார்த்து வெட்டினான்.

"தெரியாதவருகிட்ட முன்னாடியே சொல்லிப்போட்டு ஆடோணும். அதைத் திருப்பி வெய்யி!" என்று கத்தினேன்.

"செஸ்ஸுல திருப்பி வெக்கறதெல்லாம் கெடையாதுங்க்கா" என்று சிரித்தான், வெட்கங்கெட்டவன்.

சிப்பாய் போன வழியில் நந்தகுமாரின் ராணி நுழைந்து மாதேஸ்வரனின் ராஜாவை மடக்கியது. அவர் எழுந்துபோய்த் தன் லாரியைப் பின்னால் எடுத்துவிட்டார்.

மறுநாள் லோடு இறக்கி முடிவதற்குள் எருமப்பட்டியில் நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. தூரத்து உறவில் அண்ணன் முறையான ஒருவர் மடியில் வைத்துக் காது குத்திவிட்டார்கள். அங்காளம்மாள் இன்றுவரை அண்ணனோடு பேசவில்லை. செஸ்ஸில் தோற்றதால் வரவில்லை என்று எந்த மனுஷன் போய்ச் சொல்வான்?

அதற்குப் பிறகு மாதேஸ்வரனிடம் ஒரு பழக்கம் வந்தது. யாரோடு உட்கார்ந்தாலும் முதலில் இரண்டு சிப்பாயை மட்டும் பலகையில் வைத்து, "இந்த வெட்டு தெரியுமுங்களா?" என்று செய்து காட்டுவார். அவர்களுக்குப் புரிந்த பிறகுதான் மற்ற காய்களை அடுக்குவார்.

போன வாரம் மறுபடியும் அவரும் நந்தகுமாரும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். பலகை வந்தது. மாதேஸ்வரன் இரண்டு சிப்பாயை எடுத்து வைத்தார்.

"இந்த வெட்டு தெரியுமுங்களா தம்பி?"

நந்தகுமார் முகம் கறுத்துப்போயிற்று. "எனக்குத் தெரியுமுங்ணா" என்று முனகினான்.

"இருக்கட்டுங்க. எல்லார்த்துகிட்டயும் சொல்றதுதானுங்க."

நிதானமாக ஒருமுறை வெட்டிக் காட்டினார். மற்ற காய்களைத் தொடவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"நீங்களே முன்னால போங்க தம்பி. எனக்கு இப்ப அவசரமில்லீங்க. காது குத்து முடிஞ்சு போச்சு."