கயிறு கட்டிய நாற்காலி

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சம். நான் எழுத வந்ததைப் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதை யாரிடமும் வாயால் சொல்ல முடியவில்லை.

இலுப்பூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் ஓர் எழுத்தாளர் இருந்தார். மனிதரைப் பண்ணையாளாகக் கட்டிவைக்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் எழுதியவர். அவர் இறந்த பிறகு வெளியூர்ப் பெரிய மனிதர்கள் கமிட்டி அமைத்து அவர் வீட்டை நினைவு இல்லமாக்கினார்கள். பிள்ளை இல்லாத அவர் மனைவி வீட்டை மனமுவந்து எழுதிக்கொடுத்தார். பின்கட்டில் ஓர் அறையில் அவர் இருந்துகொள்ளலாம் என்று கமிட்டி அனுமதித்தது. என் அய்யாவுக்கு அங்கே காவல் வேலை.

முன்னறையில் எழுத்தாளரின் மேசை, மைக்கூடு, மூக்குக் கண்ணாடி, செருப்பு என்று எல்லாவற்றுக்கும் சீட்டு எழுதி ஒட்டியிருந்தார்கள். வந்தவர்களில் சிலர் அந்தச் செருப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். உயிரோடு இருந்தபோது அவரை உள்ளூரில் ஒரு கல்யாணத்துக்குக்கூட யாரும் அழைத்ததில்லையாம். அவருடைய நாற்காலியில் யாரும் உட்காராதபடி இரண்டு கைப்பிடிகளுக்கும் குறுக்கே ஒரு சிவப்புக் கயிறு கட்டியிருந்தது.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். ஒரு சனிக்கிழமை புதுக்கோட்டையிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்தார்கள். அவர்களுக்குத் தண்ணீர் எடுக்கக் கிளம்பிய அய்யா, என்னை நாற்காலிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"யாரையும் ஒக்கார விட்றாத ஆத்தா."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. போலீஸ்காரர் மாதிரி விறைத்து நின்றேன். அப்போது பின்கட்டிலிருந்து எழுத்தாளரின் மனைவி, அந்த அம்மா, மெதுவாக வந்தார். கூட்டத்தைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். பிறகு கயிற்றை அவிழ்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, மேசைமேல் கையை வைத்துக்கொண்டார்.

"எந்திரிங்க. இங்கிட்டு ஒக்காரக் கூடாது" என்றேன்.

"நானுமா ஆத்தா?"

"யாருமே ஒக்காரக் கூடாது. கமிட்டி உத்தரவு."

பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த அம்மா யாரென்று அறியாத வாத்தியார் ஒருவர், பொறுப்பான பிள்ளை என்று என் முதுகில் தட்டினார். அந்த அம்மா மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கயிற்றைத் தாமே திரும்பக் கட்டினார். முதல் முடிச்சு சரியாக விழவில்லை. இரண்டாம் முறை இறுக்கிக் கட்டிவிட்டுப் போனார்.

அய்யா வந்ததும் ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குடத்தை இறக்கி வைத்தார். நேரே பின்கட்டுக்குப் போய் அறை வாசலில் நின்றார். உள்ளே இருந்து அந்த அம்மாவின் குரல் மட்டும் கேட்டது.

"புள்ளைய வையாதீங்க. நீங்க சொன்னதத்தான செஞ்சுச்சு."

அய்யா தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அந்த அம்மா உட்கார்ந்தது கமிட்டிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயப்படுகிறார் என நினைத்தேன். கயிறு அறுந்துபோகவில்லை, நான் நன்றாகப் பார்த்துவிட்டேன் என்று அவர் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னேன்.

எனக்குக் கல்யாணம் ஆன பிறகுதான் அய்யா சொன்னார். அவர் பண்ணையைவிட்டு ஓடிவந்த அன்று அந்த வீட்டு முற்றத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாராம். அந்த அம்மா இதே நாற்காலியைத் தூக்கி வந்து போட்டு, இதில் உட்கார்ந்தால்தான் சோறு என்று பிடிவாதமாக நின்றாராம். அதுவரை அய்யா நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. அவரை முதன்முதலில் நீங்க, வாங்க என்று அழைத்ததும் அந்த அம்மாதான்.

நான் எழுப்பிவிட்ட அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் காலை அந்த அம்மா ஒரு தகரப் பெட்டியோடு கீரனூரில் இருந்த தங்கை வீட்டுக்குப் போனார். அய்யா பெட்டியைச் சுமந்துபோய் பஸ் ஏற்றிவிட்டு வந்து, பத்து மணிக்கு நினைவு இல்லத்தைத் திறந்தார்.