நாங்கள் எல்லாரும் தெற்கு

போன வாரம் என் ஜெராக்ஸ் கடைக்கு ஒரு அம்மாவும் எட்டாவது படிக்கிற மகளும் வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் ப்ராஜெக்ட் கேட்டிருக்கிறார்களாம். மகள் செய்வதாகப் பெயர். செய்வது அம்மா, அச்சடிப்பது நான். அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றி. வரைபடத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். மேலே நீலம், கீழே சாம்பல். அந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“இதுல நம்ம எந்தக் கலருடி?”

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். “அம்மா, இது அமெரிக்காம்மா!”

நான் சிரிக்கவில்லை. சிரிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை. முப்பது வருடத்துக்கு முன்னால் இதே பாடத்தில் இதே தப்பை எங்கள் வகுப்பே செய்தது. நான்தான் முதலில் செய்தேன்.

பிரிண்டரிலிருந்து வருகிற காகிதம் சூடாக இருக்கும். அதில் ஒரு வாசனை உண்டு. உடம்புக்கு ஆகாது என்கிறார்கள், ஆகாவிட்டால் போகட்டும். எங்கள் காலத்தில் பரீட்சைத் தாளை உருளையில் சுற்றி அச்சடிப்பார்கள். மை காயாமலே கொடுப்பார்கள். கையில் வாங்கியதும் எல்லாரும் மூக்கருகே கொண்டுபோவோம். நான் முகர்ந்துகொண்டே இருப்பேன், ஏனென்றால் அதற்குமேல் அந்தத் தாளை வைத்துக்கொண்டு எனக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. பக்கத்தில் சபீனா அதற்குள் எழுத ஆரம்பித்திருப்பாள்.

சபீனா பேகம்பூர்ப் பெண். அவள் அத்தா தோல்ஷாப்பில், அதாவது தோல் பதனிடுகிற இடத்தில், வேலை பார்த்தார். திண்டுக்கல் என்றதும் பூட்டு, பிரியாணி என்று ஆரம்பிக்காதீர்கள், எனக்குக் கோபம் வரும். எனக்குத் திண்டுக்கல் என்றால் முதலில் சபீனாவின் நோட்டு. நான்கு பக்கமும் சிவப்புக் கோடு போட்ட நோட்டு. பென்சிலைப் பிளேடால் சீவுவாள், முனை ஒரு தடவைகூட உடையாது. என் பென்சில் பாதியாகும்வரை உடையும். இந்திய வரைபடத்தைப் பார்க்காமல் வரைவாள். நான் வரைந்தால் இலங்கை ஒரிசாவுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். டீச்சர் பார்த்துவிட்டு, “சபீனாவப் பாத்துக் கத்துக்கடி” என்பார்.

அந்த ஒரு வாக்கியத்தை எத்தனை தடவை கேட்டிருப்பேன்! அவள் என் சிநேகிதி. ஒரே பெஞ்சு. அவள் தூக்குச்சட்டியிலிருந்து நான் சாப்பிட்டிருக்கிறேன். அவளைப் போல எனக்கு எரிச்சல் ஊட்டிய ஆள் இன்றுவரை யாரும் இல்லை, என் வீட்டுக்காரரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எங்கள் வரலாறு டீச்சருக்குப் பாடம் நடத்தப் பிடிக்காது, பட்டிமன்றம் நடத்தப் பிடிக்கும். கோயில் திருவிழாவில் பட்டிமன்றம் போட்டால் முதல் வரிசையில் உட்கார்ந்து தொடையைத் தட்டிச் சிரிக்கிற ஆள். எந்தப் பாடமானாலும் இரண்டு அணி பிரித்துவிடுவார். சிறந்தது கற்காலமா உலோகக்காலமா என்றுகூட எங்களைச் சண்டை போடவிட்டிருக்கிறார். உள்நாட்டுப் போர்ப் பாடம் வந்தபோது புத்தகத்தை யாரும் திறக்கும்முன்பே சொன்னார்:

“அமெரிக்காவுல வடக்கும் தெற்கும் அடிச்சுக்கிட்டாங்க. வர்ற வெள்ளிக்கெழம பட்டிமன்றம். தெக்கு அணிக்கு யார் யாரு?”

கை தூக்காத ஆளே இல்லை. வடக்கு என்றால் நமக்கு ஆகாதவர்கள், தெற்கு என்றால் நாம். வீட்டில், டீக்கடையில், மேடையில் கேட்டு வளர்ந்தது அதுதானே. அமெரிக்காவில் தெற்கு என்றாலும் தெற்கு தெற்குதான் என்று நினைத்தோம். பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து, “டீச்சர், எங்க வீடு ரயில்வே கேட்டுக்கே தெக்க இருக்கு, என்னைய கண்டிப்பா சேக்கணும்” என்றாள்.

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஏன் சிரித்தார் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

“வடக்குக்கு ஆள் வேணுமேடி!”

சபீனா கையைத் தூக்கினாள். அவள் முந்தின நாளே பாடத்தைப் படித்துவிட்டிருந்தாள். எனக்கு அது தெரியாது. ஒழிந்தாள் என்றுதான் நினைத்தேன். இந்த ஒரு தடவை அவளை மண்ணைக் கவ்வ வைத்துவிடலாம் என்று நான் தெற்கு அணித் தலைவி ஆனேன். சண்டை போட்டுத்தான் ஆனேன்.

ஒன்றரைப் பக்கப் பாடம். அதில் முதல் பத்தி மட்டும் படித்தேன். தெற்கில் பருத்தி விளைந்தது, வடக்கில் ஆலைகள் இருந்தன என்று இருந்தது. போதாதா? எங்கள் ஊரே பருத்திக்காடும் மல்லிகைத் தோட்டமும்தான். புத்தகத்தை மூடிவிட்டு மீதியை நானே எழுதினேன்.

வெள்ளிக்கிழமை இரண்டு வகுப்பும் ஒரே கூடத்தில். தலைமையாசிரியை முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் முழங்கினேன். வியர்வை எங்களுடையது, வேட்டி சட்டை அவர்களுடையதா என்று கேட்டேன். அமெரிக்காவில் வேட்டி. கைதட்டல் கூரையில் இடித்தது. தலைமையாசிரியையே தட்டினார். உட்காரும்போது எனக்கு உடம்பெல்லாம் சூடு. சபீனாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

அவள் எழுந்தாள். கத்தவில்லை.

“தெக்குல ரெண்டு வகையான ஆளுங்க இருந்தாங்க. தோட்டம் வச்சிருந்தவங்க ஒண்ணு, தோட்டத்துல அடிமையா இருந்தவங்க ஒண்ணு. எதிரணித் தலைவி யாருக்காகப் பேசுனாங்கன்னு சொல்லவே இல்ல.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அடிமையா? அது எந்தப் பத்தியில் இருந்தது?

“நான் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். நம்ம ஊருப் பக்கந்தான். எங்களுக்கெல்லாம் டம்ளர்ல மோர் குடுத்தாங்க. களை எடுத்த அம்மாவுக்கு மட்டும் டம்ளர் இல்ல. அவங்க ரெண்டு கையையும் ஏந்திக் குனிஞ்சாங்க, மேல இருந்து ஊத்துனாங்க. அவங்களும் தெக்குதான, டீச்சர்?”

அது எங்கள் தோட்டம். அதற்கு முந்தின மாதம் இலை சேகரிக்க என்று நாலைந்து பேரை அழைத்துப் போயிருந்தேன். ஊற்றியது என் அம்மா. ஏந்தியது முருகாயி, எங்கள் தோட்டத்தில் வேலை செய்தவர். என் அம்மாவைவிட வயது கூட. நான் “ஏ முருகாயி, இங்க வா” என்றுதான் கூப்பிடுவேன், மூன்று வயதிலிருந்து. சபீனா என் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதே இல்லை, கூட வந்திருந்த மூன்று பெண்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வடக்கு வென்றது என்று டீச்சர் தீர்ப்புச் சொன்னார். சபீனாவுக்குப் பரிசு ஒரு ஜியாமென்ட்ரி பாக்ஸ். புதுசு, மூடியில் மயில்.

அன்று டவுன் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது வெட்கத்தில் தலை குனிந்தேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் பொய். எனக்கு வெட்கமே வரவில்லை. பொறாமைதான் வந்தது, நெஞ்சு வலிக்கிற அளவுக்கு. பதிமூன்று வருடம் என் கண் முன்னால் நடந்ததை ஒரே ஒரு தடவை வந்தவள் பார்த்துவிட்டாள். என் வீடு, என் அம்மா, என் முருகாயி, பரிசு அவளுக்கு. என் வீட்டிலிருந்து எதையோ தூக்கிக்கொண்டு போய்விட்டாள் என்றுதான் பட்டது. அதை எப்படியாவது திருப்பி வாங்க வேண்டும்.

மறுநாள் சனிக்கிழமை. அப்பாவின் பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளரில் காப்பியை ஊற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். முருகாயி மல்லிகைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார்.

“இந்தா, குடிங்க.”

நிமிர்ந்து பார்த்தவர் டம்ளரைப் பார்த்ததும் பின்னால் நகர்ந்தார். “ஐயோ பாப்பா, எதுக்கு இந்த வேல? அப்பா டம்ளரு. கொண்டுபோயி உள்ள வையி தாயி.”

“ஒண்ணும் ஆகாது, குடி.”

“வேணாம் பாப்பா. ஒனக்குத் தெரியாது.”

“குடின்னு சொல்றேன்ல!”

குடித்தார். நான் அதட்டியதால் குடித்தார். இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் வாய் கசக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: அவர் குடிக்கும்போது நான் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. திங்கட்கிழமை சபீனாவிடம் இதை எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா வரப்பில் நின்று பார்த்திருக்கிறார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. முருகாயியிடம்தான் போனார்.

“அவதான் சின்னப்புள்ள. ஒனக்கு எங்க போச்சு புத்தி? இம்புட்டு வருசம் இருந்துட்டு…”

“பாப்பாதான்…” என்று ஆரம்பித்தார் முருகாயி. என்னைப் பார்த்தார். நான் சொல்லவேண்டிய இடம் அது. நான் கிணற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். முருகாயி பேச்சை முடிக்கவில்லை. களைக்கொத்தைக் கழுவி ஓரமாக வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வரவில்லை, வரச் சொல்லி யாரும் ஆளும் அனுப்பவில்லை.

திங்கட்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் சத்தமாகச் சொன்னேன், மற்றவர்கள் காதிலும் விழவேண்டும் அல்லவா. “நான் எங்க அப்பா டம்ளர்லயே குடுத்தேன், தெரியுமா?”

சபீனா சோற்றில் வைத்த கையை எடுக்காமல் பார்த்தாள். “நெசமாவா? அவங்க என்ன சொன்னாங்கடி?”

“ரொம்ப சந்தோசப்பட்டாங்க.”

“ஒங்கம்மா?”

“ஒண்ணுமே சொல்லல.”

அவள் கை கழுவிவிட்டு வந்து, பையிலிருந்து அந்த மயில் பாக்ஸை எடுத்து என் மடியில் வைத்தாள். “நான் பேசத்தான செஞ்சேன். நீ செஞ்சே காட்டிட்ட. இது ஒனக்குத்தான்.” கண் நிறைந்திருந்தது அவளுக்கு. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாங்கிப் பைக்குள் போட்டேன். பள்ளிக்கூடம் முடியும்வரை அதைத்தான் வைத்திருந்தேன். நல்ல பாக்ஸ்.

பத்தாவதோடு பிரிந்துவிட்டோம். நான் டைப்ரைட்டிங், கம்ப்யூட்டர் என்று சுற்றி ஜெராக்ஸ் கடைக்கு வந்து சேர்ந்தேன். அவள் டீச்சருக்குப் படித்தாள். அதிலும் எனக்குப் பொறாமைதான். இரண்டு வருடம் முன்னால் பஸ் ஸ்டாண்டில் நத்தம் பஸ் நிற்கிற இடத்தில் பார்த்தேன். கண்ணாடி போட்டிருந்தாள். நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்குவதற்குள் கையைப் பிடித்துவிட்டாள். கூட இன்னொரு டீச்சர்.

“இவதான் நான் சொல்லுவேன்ல, டம்ளர் குடுத்தவ!”

அந்த டீச்சர் என்னைக் கும்பிட்டார். நிஜமாகவே, இரண்டு கையையும் சேர்த்து.

“வருசா வருசம் அந்தப் பாடம் வரும்போது ஒன் கதையச் சொல்லித்தான்டி ஆரம்பிப்பேன்” என்றாள் சபீனா. “அம்புட்டு வாலுங்களும் செத்த நேரம் வாயத் தொறக்காம கேக்குங்க.”

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன், நத்தம் பஸ் வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் பஸ் வந்தும் செத்த நேரம் நின்றது.

எங்கள் தோட்டம் இன்றைக்குப் பிளாட். கிணற்றை மூடி மேலே யாரோ மாடி வீடு கட்டியிருக்கிறார்கள். மல்லிகைச் செடி ஒன்றுகூட இல்லை. அம்மா போய்விட்டார், கடைசிவரை அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை. முருகாயி குடும்பத்தோடு திருப்பூர்ப் பக்கம் பிழைக்கப் போனதாகச் சொன்னார்கள். எந்த ஊர் என்று அப்போது நான் கேட்டுக்கொள்ளவில்லை, இப்போது கேட்பதற்கு ஆள் இல்லை. சபீனா சொல்கிற மாதிரி நடக்கவில்லை என்று சொல்லக்கூடியவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள், என்னைத் தவிர. சபீனாவின் வகுப்பில் மட்டும் எட்டாவது படிக்கிற ஒருத்தி வருடா வருடம் டம்ளரை நீட்டுகிறாள், முருகாயி சந்தோஷமாக வாங்கிக் குடிக்கிறார். நான் இத்தனை வருடம் பொறாமைப்பட்டதெல்லாம் சபீனாவைப் பார்த்து. இப்போது அந்தப் பெண்ணைப் பார்த்து.